யாருக்குக் காட்ட வேண்டிய கணக்கு?

இரவு பதினொரு மணிக்கு ஒரு பதிவு வருகிறது. ஏதோ ஓர் ஊரில் ஒரு பையனை வெட்டிவிட்டார்கள். அரசு மருத்துவமனை வாசலில் தாய் உட்கார்ந்திருக்கும் படம். அதற்குக் கீழே ஒரு தோழரின் பெயர், அவருடைய ஜிபே எண், ஒரு கியூஆர் குறியீடு. ‘முடிந்ததை அனுப்புங்கள் தோழர்களே.’ நம்மில் பலர் யோசிக்காமல் அனுப்பியிருக்கிறோம். ஐந்நூறு, நூறு, மாதக் கடைசியாக இருந்தால் இருபது ரூபாய். நம்மில் சிலர் அந்த எண்ணுக்கு உரியவர்களாகவும் இருந்திருக்கிறோம். பணம் அனுப்புகிறவரைப் பற்றியும் பெறுகிற குடும்பத்தைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. நடுவில் நிற்கும் அந்த எண்ணுக்கு உரியவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் இரவில் நான் என் எண்ணைப் போட்டேன். ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனதற்காக அடிபட்ட இளைஞன். காலில் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் காசு இல்லைதான். ஆனால் கூட இருப்பவர்களின் சாப்பாடு, ஆட்டோ, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் பேருந்துச் செலவு எல்லாம் யார் தருவார்கள்? மூன்று நாளில் 2,14,000 ரூபாய் வந்தது. முதலில் அனுப்பியவர்கள் தெரிந்தவர்கள். இரண்டாம் நாளிலிருந்து வந்த பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. அது என் சம்பளக் கணக்கு. ஐந்தாம் தேதி என் வண்டிக் கடன் தவணை தானாகவே அந்தக் கணக்கிலிருந்து போனது. அந்த மாதம் சம்பளம் ஏழாம் தேதிதான் வந்தது. அதாவது இரண்டு நாட்களுக்கு என் வண்டிக் கடனை அடைத்தது அந்தப் பையனின் காலுக்காக வந்த பணம்.

சம்பளம் வந்ததும் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. நோட்டில் வரவுசெலவு எழுதிக்கொண்டிருந்த தோழரிடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ‘சம்பளம் வராமப் போயிருந்தா என்ன தம்பி பண்ணியிருப்ப?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

நாம் ஏன் இப்படித் தனிநபர் கணக்கில் வசூலிக்கிறோம்? சோம்பலால் அல்ல. ஓர் அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்ய வேண்டுமென்றால் என்னவெல்லாம் தேவை என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். அலுவலக முகவரி வேண்டும். அந்த முகவரிக்கு வீட்டு உரிமையாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அம்பேத்கர் படம் மாட்டியதற்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளரிடம் போய் எந்தக் கையெழுத்தைக் கேட்பது? ஆண்டுதோறும் தணிக்கை, வருமான வரி விலக்குக்கும் நன்கொடையாளருக்கான வரிச் சலுகைக்கும் தனித்தனிப் பதிவு, அவற்றைப் புதுப்பித்தல் என்று வேலை நீளும். குடும்பத்தில் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மாமா இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நமக்கு அப்படி மாமா இல்லை. சாதிச் சங்கங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டடம், கல்லூரி, திருமண மண்டபம், தணிக்கையாளர் எல்லாம் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண். வெட்டுப்பட்டவன் படுத்திருக்கும்போது பதிவாளர் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்கவும் முடியாது.

ஆகவே தனிநபராக வசூலிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. அது சட்டவிரோதமும் அல்ல. ஆனால் அந்தப் பணம் உங்கள் கணக்கில் விழுந்த நொடியிலிருந்து சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றால், அது பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும். கூடுதலாக வந்த தொகைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வரம்பைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். ஒருவர் இருபது ரூபாய்தான் அனுப்பினார் என்பது முக்கியமல்ல, எல்லோரும் அனுப்பியதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். ‘அது என் பணம் இல்லை, இன்னொருவருக்காகப் பெற்றுக் கொடுத்தேன்’ என்று வாதிடலாம். அது நியாயமான வாதமும்கூட. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். பதிவின் நகல், குடும்பத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல், வங்கி வழியாகக் கொடுத்ததற்கான சான்று எல்லாம் வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் கையில் எடுத்துக் கொடுத்த பணத்துக்கு ஏது சான்று?

அதே பணம் நேரடியாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கணக்குக்குப் போயிருந்தால், பெரும்பாலும் வரியே வந்திருக்காது. கூலி வேலை செய்யும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தோடு இரண்டு லட்சம் சேர்ந்தாலும் வரி கட்டும் நிலைக்கு அது வராது. மாதச் சம்பளம் வாங்கும் தோழரின் கணக்கில் வரும்போதுதான் அது அவர் சம்பளத்தின் மேல் ஏறி உட்காருகிறது.

இன்னொரு சிக்கல் சமீப ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. இணைய மோசடியில் பணம் இழந்த ஒருவர் 1930 எண்ணில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் கை மாறிய கணக்குகள் எல்லாம் வரிசையாக முடக்கப்படுகின்றன. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோரிடமிருந்து பணம் வரும் கணக்கில், அதில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் அப்படிப்பட்ட சங்கிலியிலிருந்து வந்திருந்தாலும் போதும். வேறு மாநிலத்துக் காவல்துறையின் கடிதம், முடங்கிய கணக்கு, அதற்குள் உங்கள் வீட்டு வாடகையும் அந்தப் பையனின் மருந்துச் செலவும் சேர்ந்தே கிடக்கும்.

வெளிநாட்டுத் தோழர்கள் அனுப்பும் பணம் தனிக் கதை. மலேசியாவிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து நம் பதிவுகளைப் பார்த்துப் பதறுபவர்கள் பலர். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. ஆனால் அவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம்மோடு மதுரையில் படித்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010, எஃப்சிஆர்ஏ என்று நாம் சொல்வது, அமைப்புகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அச்சட்டத்தில் ‘நபர்’ என்பதில் தனிமனிதரும் அடக்கம். சமூகப் பணிக்காக வெளிநாட்டு நிதி வாங்க வேண்டுமென்றால் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் முடியாது. செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் பேசும் காணொளிகளைத் தயாரிப்பவர்கள், செய்தித்தாள் பத்தியாளர்கள், கேலிச்சித்திரக்காரர்கள் ஆகியோருக்கு அனுமதியோடுகூட வழியில்லை. அவர்கள் வாங்கவே கூடாது என்று அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. யூடியூபில் அரசியல் பேசிக்கொண்டு, அதன் கீழேயே நன்கொடைச் சுட்டியைப் போடும் தம்பி தங்கைகள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இவை வெறும் ஏட்டுச் சட்டங்கள் என்று நினைத்தால், பத்திரிகையாளர் ரானா அய்யூபின் வழக்கைப் பாருங்கள். 2020இலும் 2021இலும் கொரோனா நிவாரணத்துக்காக ஓர் இணையத் தளத்தின் வழியாகப் பணம் திரட்டினார். 2021 செப்டம்பரில் காசியாபாத்தில் முதல் தகவல் அறிக்கை. 2022 பிப்ரவரியில் அமலாக்கத்துறை 1.77 கோடி ரூபாயை முடக்கியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். அரசை விமர்சித்த இஸ்லாமியப் பெண் என்பதால்தான் குறிவைக்கப்பட்டார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் குறிவைத்தவர்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பணம் வந்தது ஓர் அமைப்பின் கணக்குக்கு அல்ல, தனிமனிதர்களின் கணக்குகளுக்கு என்பதைச் சுற்றியே அந்த வழக்கு கட்டப்பட்டது.

அமைப்பாக இருந்தால் விட்டுவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. ஆல்ட் நியூஸை நடத்துவது பதிவு செய்யப்பட்ட லாப நோக்கற்ற நிறுவனம். 2022 ஜூனில் முகமது சுபைர் கைதானபோது எஃப்சிஆர்ஏ பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. காவல்துறை கேட்டதும், நன்கொடை வந்த கட்டண நிறுவனம் நன்கொடையாளர் விவரங்களைக் கொடுத்தது. பதிவு என்பது கவசம் அல்ல. அது செய்வது வேறொன்று: பணத்தையும் ஆளையும் பிரித்து வைக்கிறது. ஆளைக் கைது செய்தாலும் கணக்குப் புத்தகம் இன்னொருவர் கையில் இருக்கும்.

இங்கே வழக்கமாக ஒரு குரல் எழும். ‘கோயில் உண்டியலில் போடுகிறவன் கணக்கு கேட்கிறானா? சாதி மாநாட்டுக்கு லட்சம் கொடுப்பவன் ரசீது கேட்கிறானா? நாம் நூறு ரூபாய் வாங்கினால் மட்டும் ஏன் வசூல் என்கிறார்கள்?’ உண்மைதான். ஒடுக்கப்பட்டவர் கையில் பணம் இருந்தாலே அது திருட்டுப் பணமாகத்தான் இருக்கும் என்பது சாதியின் பழைய எண்ணம். என் வசூலின்போதும் உள்ளூர்ச் சாதிக் கட்சிக்காரர் ஒருவர் பதிவுக்குக் கீழே வந்து ‘வசூல் ராஜா’ என்று எழுதிவிட்டுப் போனார். அவருக்கு நான் ஒரு பைசாவுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல.

ஆனால் அவருக்குப் பதில் சொல்ல மறுக்கும் வேகத்தில், சொல்ல வேண்டியவர்களுக்கும் சொல்லாமல் விடுகிறோம். கணக்கு கேட்பதே ஆதிக்கச் சாதி மனநிலை என்று ஆகிவிட்டால், அந்தத் தாய் கேட்டால் என்ன செய்வோம்? அவர் கேட்க மாட்டார். அதுதான் பிரச்சினை. உதவி செய்தவனிடம் கணக்கு கேட்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே சாதிச் சமூகம்தான்.

பொதுப்பணத்தின் கணக்கை அரசியல் ஆவணமாகப் படித்தவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு 1945இல் அவர் வெளியிட்ட நூலில், திலகர் சுயராஜ்ய நிதியின் செலவுக் கணக்கை எடுத்து வைத்து, கோடி ரூபாய் இலக்கோடு திரட்டிய நிதியில் தீண்டப்படாதோருக்காகப் போனது எவ்வளவு சொற்பம் என்று காட்டுவார். அரிஜன சேவா சங்கம் பற்றிய பகுதியில் இன்னொரு கேள்வி வரும்: யாருக்காக நிதி திரட்டுகிறார்களோ, அவர்கள் ஏன் அந்த நிதியின் நிர்வாகத்தில் இல்லை? காந்தியாரின் பதில், இது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய கடன், ஆகவே நிர்வாகமும் அவர்களுடையது என்ற வகையில் இருந்தது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அந்தக் கேள்வியை இன்று நம் கியூஆர் குறியீட்டை நோக்கித் திருப்பினால் நாம் என்ன பதில் சொல்வோம்? நாம் சாதி இந்துக்களும் அல்ல, நம் எண்ணம் பிராயச்சித்தமும் அல்ல. இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்பது நம் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது.

இயக்கப் பணம் தனிநபர் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பெரிய பாடம் உண்டு. 1949ஐ நாம் பெரியார்–மணியம்மை திருமணம், அண்ணா பிரிந்துபோனது என்று மட்டுமே பேசிப் பழகியிருக்கிறோம். பெரியார் அத்திருமணத்துக்குச் சொன்ன காரணம் என்ன? இயக்கச் சொத்துகள் தன் பெயரில் இருக்கின்றன, தனக்குப் பின் அவை இயக்கத்துக்கே பயன்பட வேண்டுமானால் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது. கையெழுத்துக்குக்கூடக் காசு வாங்கி, அதை இயக்கத்துக்கே சேர்த்து வைத்தவர் அவர். அவருடைய நேர்மையை எதிரிகளும் ஐயப்படவில்லை. நேர்மை இருந்தும், பணம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி ஓர் இயக்கத்தையே உலுக்கியது. 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பிரிந்தவர்கள் சரியா, பெரியார் சரியா என்ற பழைய வழக்கை இங்கே மறுபடி நடத்த வேண்டாம். ‘தோழர் நேர்மையானவர், அது போதும்’ என்பது பெரியார் விஷயத்திலேயே போதவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

சரி, அந்த இரவில் என்ன செய்வது?

முதலில் குடும்பத்தின் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கேளுங்கள். ‘அவர்களிடம் ஜிபே இல்லை’ என்பதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு நாள் வேலைச் சம்பளம் வருவதற்கு ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கிய சிறுகணக்காக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அதில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, எந்த நேரத்திலும் இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது. ஒரு தோழர் காலையில் அந்தத் தாயோடு வங்கிக் கிளைக்குப் போய் ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொடுத்தால், அது அன்று நாம் பகிரும் நூறு பதிவுகளைவிடப் பெரிய வேலை.

அதுவரை உங்கள் எண்ணைத்தான் போட வேண்டும் என்றால், சம்பளமும் தவணையும் இல்லாத தனிக் கணக்கைப் போடுங்கள். எவ்வளவு வேண்டும், எந்தத் தேதியோடு நிறுத்துவீர்கள் என்று பதிவிலேயே சொல்லுங்கள். தேதி வந்ததும் குறியீட்டை எடுத்துவிடுங்கள். வரவுசெலவை உங்களைத் தவிர இன்னொருவர் எழுதட்டும், முடிந்தால் அந்தக் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. படம் போடலாமா என்று முதலில் கேளுங்கள். இன்று அழும் முகத்தைப் பார்த்துப் பணம் வரும். நாளை அதே படத்தைக் காட்டி ‘காசு வாங்கிட்டாங்க, இனிமே கேஸ் எதுக்கு’ என்று ஊரில் பேசுவார்கள். சாட்சிகளைக் கலைக்க அந்தப் பேச்சு எப்படிப் பயன்படுகிறது என்பது வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும்.

நம் வசூல் அரசு தர வேண்டியதை மறைத்துவிடவும் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 2016 திருத்தத்தின்படி, கொலைக்கு 8,25,000 ரூபாய் நிவாரணம் சொல்கின்றன. உடற்கூறாய்வு முடிந்ததும் அதில் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. உடனடி நிவாரணம் ஏழு நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று இன்னும் இருக்கிறது. இணையத்தில் மூன்று லட்சம் திரட்டிய மகிழ்ச்சியில், ஆட்சியர் அலுவலகத்தில் எட்டே கால் லட்சத்துக்கான மனு தூங்கிக்கொண்டிருந்ததை மறந்த ஊர்களும் உண்டு.

ஒரே மாவட்டத்தில் இரண்டாவது முறையும் உங்கள் எண்ணைப் போட வேண்டி வந்தால், அது இனி அவசர உதவி அல்ல, தொடர் வேலை. அப்போது பதிவு செய்யுங்கள். பட்டியல் சாதியினருக்காக நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது, அதையும் ‘சாதி அறக்கட்டளை’ என்றுதான் பார்ப்பார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பொய். குறிப்பிட்ட சாதிக்காக நடத்தும் அறக்கட்டளைக்கு விலக்கை மறுக்கும் வருமான வரிச் சட்டமே, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கானவை அந்த வரையறைக்குள் வராது என்று விளக்கமும் தருகிறது. வீட்டு உரிமையாளர் ஒப்புதல் தராவிட்டால், சொந்தமாக ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒரு தோழரின் முகவரி போதும். தணிக்கையாளர் மாமா இல்லாவிட்டாலும், நம் பிள்ளைகள் பலர் இப்போது பி.காம் படிக்கிறார்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு வெளியாட்கள் கொடுத்த பணத்துக்கு 10 லட்சம் வரை வரி இல்லை, சிகிச்சைக்காகப் பெற்ற பணத்துக்கும் வரி இல்லை என்று 2022 நிதிச் சட்டத்தில் விலக்கு கொடுத்தார்கள். கொடுக்க முடியும் என்பது அதிலேயே தெரிகிறது. வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வரும் உதவிக்கும் அதே விலக்கு வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இரண்டு நிமிடம் இதைப் பேசலாம்.

என் வசூலில் கடைசியில் 11,400 ரூபாய் மிஞ்சியது. பையன் நடக்கத் தொடங்கிவிட்டான். நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் வரிவரியாகப் படித்துக் காட்டினோம், அந்த இரண்டு நாள் வண்டித் தவணை உட்பட. அவன் அம்மா அதற்கு எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஆட்டோவுக்கு 300 என்று எழுதியிருந்த ஒரு நாளில், தான் நடந்தே போனதாகச் சொன்னார். தோழரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த 300ஐ அடித்து, மிச்சத்தை 11,700 என்று திருத்தி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.